தறி ஓடும்போது இரைகிற பெட்டி

என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு சாமானையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். பகலெல்லாம் சம்பளத்துக்குச் சந்தேகப்படுகிற மனுஷர், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபிறகு எல்லோரையும் சும்மாவே சந்தேகப்படுவார். பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், கேபிள்காரன் வேண்டுமென்றே படத்தை மங்கலாக விடுகிறான், எதிர்வீட்டு பொன்னியம்மா நம் வாசலைப் பார்த்துத்தான் குப்பையைக் கூட்டுகிறாள். இதையெல்லாம் நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஆனால் இந்த வருஷம் அவருடைய சந்தேகம் என் அக்கா வீட்டுக் கதவில் வந்து நின்றது. அப்புறம் நான் சும்மா இருப்பேனா?

நாங்கள் இருப்பது நகரியில். என் வீட்டுக்காரர் பெயர் முரளிதரன். அவருடைய அண்ணன் ஜெயச்சந்திரன். அந்த ஜெயச்சந்திரனைக் கட்டியவள் என் கூடப்பிறந்த அக்கா நளினி. அக்காளும் தங்கையும் ஒரே வீட்டுக்கு மருமகள்கள். உள்ளதைச் சொன்னால், இவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் இவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அக்கா இருக்கிற வீடு, அது போதும் என்று தலையாட்டிவிட்டேன். இது அவருக்கும் தெரியும். சமயம் கிடைக்கும்போதெல்லாம் குத்திக் காட்டுவார்.

மாமனார் போனபிறகு பாகம் பிரித்தார்கள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீள வீடு. பவர்லூம் தறிகள் இருக்கிற கிழக்குப் பாதி ஜெயச்சந்திரன் மாமாவுக்கு, பெரிய ஹாலோடு மேற்குப் பாதி எங்களுக்கு. நடுவில் சுவர் எழும்பியது. கரெண்ட் கனெக்‌ஷனும் இரண்டானது, அந்தப் பக்கம் ஒரு மீட்டர், இந்தப் பக்கம் ஒரு மீட்டர். நானும் அக்காவும் இரண்டு நாள் சோறு தின்னாமல் அடம்பிடித்து அந்தச் சுவரில் ஒரு கதவு மட்டும் வைக்கச் செய்தோம். தாழ்ப்பாள் அவர்கள் பக்கம். அந்தக் கதவு இல்லையென்றால் அக்காவைப் பார்க்க நான் தெருவைச் சுற்றி, நாலு பேர் கண்ணில் பட்டு, விருந்தாளி மாதிரி அவள் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும்.

இனி பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். இவருக்குப் பாட்டுப் பைத்தியம். ஏற்கெனவே ஹாலில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தன. அது போதாது, பாட்டில் அடித்தொண்டை கேட்கவில்லை என்று ஒரே புலம்பல். பொங்கலுக்கு முன்னால் திருப்பதிக்குப் போய் ஒரு பெரிய பேஸ் பெட்டியும், அதற்கென்று தனியாக இரண்டாவது ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வந்தார். அந்தக் கடையில் ரிப்பேர் பார்க்கிற திருமலை என்பவர் சொல்லி அனுப்பினாராம், ஒரே பிளக்கில் இரண்டையும் ஏற்றினால் தாங்காது, ஒவ்வொரு ஆம்புக்கும் தனி பிளக் கொடு என்று. எங்கள் ஹாலில் இருப்பதே இரண்டு பிளக். ஒன்று டிவிக்குப் பக்கத்தில். இன்னொன்று அந்தக் கதவை ஒட்டிய மூலையில், அதுவரைக்கும் நான் கொசு மருந்து சொருகிக்கொண்டிருந்தது. கொசு மருந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே புது ஆம்பைச் சொருகினார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுவரோரமாக ஒரு ஒயர் இழுத்தார்.

சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். பாட்டு வருவதற்கு முன்னால் ஒரு இரைச்சல் வந்தது. ம்ம்ம் என்று, ஒரு பெரிய வண்டு பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. பாட்டுப் போட்டால் பாட்டுக்கு அடியில் அது. பாட்டை நிறுத்தினால் தனியாக அது.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. ஒயரை மாற்றினார். பெட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்தார், தரையெல்லாம் கீறல். புது ஆம்பை மட்டும் தனியாக ஓட்டினால் சத்தமே இல்லை. பழையதை மட்டும் ஓட்டினாலும் இல்லை. இரண்டையும் ஒயரால் சேர்த்துவிட்டால் இரைச்சல். இரண்டையும் ஒரு துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பதிக்குப் போனார். நானும் கூடப் போனேன், கீழ்த் திருப்பதியில் கோவிந்தராஜரையாவது பார்க்கலாமே என்று. கடையில் திருமலை இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சேர்த்து ஓட்டினார். சுத்தமாகப் பாடியது.

"ஏமி லேதண்ணா, பாகானே உந்தி," என்று தெலுங்கில் சொன்னார் திருமலை. பிறகு எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். "பெட்டில ஒண்ணியும் கொறை இல்ல. உங்க வீட்லதான் இன்னாமோ கீது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அது வேதவாக்காகிவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் புத்தூர் தாண்டும்போது, "வீட்லதான் இன்னாமோ கீதாம்மே," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

நடுவில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, புது ஆம்ப் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது முள்ளை வெட்டிப்போட்டார். இரைச்சல் நின்றது. மனுஷர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மறுநாள் காலையில் ஈரத்துணியால் அந்த ஆம்பைத் துடைக்கப் போனேன், சுருக்கென்று தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. துணியை அவர் முகத்திலேயே எறிந்தேன்.

"இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் பெட்டி இருக்கணும். எது வேணும்னு இப்பவே சொல்லிடு."

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். புது பிளக் வாங்கி மூன்று முள்ளோடு மாட்டினார். இரைச்சலும் கூடவே திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கண்டுபிடித்தார். மாமா அந்தப் பக்கம் தறியை ஓட்ட ஆரம்பித்ததும் பெட்டியின் இரைச்சல் தடித்தது. தறி நின்றதும் மெலிந்தது. மறுபடி தறி, மறுபடி தடிப்பு. இவர் எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இவன் நம்ம லைன்ல கொக்கி போட்டுக்கினு கீறான்."

"எவன்?"

"உங்க மாமன்தான். நம்ம கரெண்ட்லதான் தறி ஓடுது. அத்தொட்டுதான் அவன் தறி போட்டா நம்ம பெட்டி இரையுது. மனுசன் பொய் சொல்லுவான். ஆம்ப் சொல்லாது."

"கூடப்பொறந்த அண்ணன அவன் இவன்னு சொல்லிக்கினு. வாய்க்கு வந்தத பேசாத."

"நீ அப்படித்தான் சொல்லுவே. அந்தப் பக்கந்தானே உன் உசுரு கீது."

அதற்குப்பிறகு அவர் அந்தக் கதவைப் பார்க்கிற பார்வையே வேறு. கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி உண்டு. சாயங்காலம் இவர் பாட்டுப் போட்டால் அந்த இடைவெளியில் இரண்டு கால் நிழல் வந்து நிற்கும். ஒட்டுக்கேட்கிறான் என்பார். தாழ்ப்பாள் அவர்கள் பக்கம் இருப்பது இத்தனை நாள் கழித்து இவர் கண்ணில் பட்டது. "தொறக்கறதும் சாத்தறதும் அவுங்க இஷ்டம், நாம இன்னா கூண்டுலயா கீறோம்," என்று ஆரம்பித்தார். நான் சாதம் வடிக்கும்போது பின்னால் வந்து நின்று, அக்காவிடம் என்ன பேசினாய் என்று கேட்பார். உப்பு கேட்டேன் என்றால், உப்பு மட்டும்தானா என்பார்.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. எனக்கும் வந்துவிட்டது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா முன்போல இல்லை. பொங்கலிலிருந்தே கவனித்தேன். கதவைத் திறந்து வந்தால் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள், உட்காருவதில்லை. நான் கோங்குரா கீரைத் தொக்கு கிளறினால் முதல் கரண்டி அவளுக்குத்தான், அதை வாங்கும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல் அந்த மூலையில் இருக்கிற பெட்டியைப் பார்க்கிறாள். ஒரு நாள் கேட்டேன்.

"இன்னாக்கா, அந்தப் பெட்டியையே பாக்கற?"

"ஒண்ணுமில்ல. பெருசா கீதேன்னு பார்த்தேன்," என்று போய்விட்டாள்.

ஒன்றுமில்லை என்று ஒருத்தி சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஒருவேளை இவர் சொல்வதுதான் நிஜமோ, கொக்கி போட்டிருப்பது இவளுக்கும் தெரிந்து, அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் முகம் கொடுக்காமல் போகிறாளோ என்று அன்றைக்கு முழுக்க நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவளுக்குப் பிடித்த அவரைக்காயும் வைத்தேன்.

கடைசியில் இவர் தீர்மானம் செய்துவிட்டார். கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. கரெண்ட் ஆபீசில் எழுதிக்கொடுத்தால் குடும்ப மானம் போகும், அதனால் இது போதுமாம், அண்ணன் என்பதால் காட்டுகிற தாட்சண்யமாம்.

"கதவ அடைச்சா நான் எப்படி அக்காவ பாக்கறது?"

"இன்னாத்துக்குப் பாக்கணும்? தெரு வழியா போறதும் கூடாது, இப்பவே சொல்லிட்டேன். போக்குவரத்து இருந்தா திருட்டும் இருக்கும்."

நான் அழுதேன், கத்தினேன், சமைக்காமல் படுத்தேன். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி வாங்கி வந்து எனக்கும் வைத்துவிட்டு, கொத்தனாரை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிவிட்டேன் என்றார். அந்த இட்லியை என்னால் விழுங்க முடியவில்லை. இவரோடு குடித்தனம் செய்ய ஒத்துக்கொண்டதே எதற்காகவோ, அதையே எடுத்துவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொள்வாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரங்கன் கொத்தனார் வந்தார். வாசலில் செங்கல் இறங்கியது. கலவை போட்டார். அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை வேண்டுமென்றே போட்டுவிட்டிருந்தார் இவர், ரங்கனும் அந்த இரைச்சலைக் கேட்டுச் சாட்சியாக இருக்க வேண்டுமாம். ரங்கன் கதவின் நிலையைத் தட்டிப் பார்த்தார்.

"நெலைய வுட்டுட்டு கல்லு வச்சா புடிக்காது முரளி. எடுத்துடணும். சொவுத்துல இரும்பு கிளாம்ப் போட்டு கீறாங்க, அத கட்டர் வச்சி அறுக்கணும். பிளக் எங்க கீது?"

இவர் கதவோரத்து மூலையைக் காட்டினார். ஆம்பைக் கழற்றி, தன் பையிலிருந்த மல்டி பிளக்கை அங்கே போட்டு, ஆம்பையும் கட்டரையும் சேர்த்து அதிலேயே சொருகினார் ரங்கன். கதவைச் சாத்தி வைத்துவிட்டு நிலையின் ஓரத்தில் கட்டரைக் கொடுத்தார். தீப்பொறி பறந்தது. கொஞ்ச நேரம் அறுத்தது. பிறகு தகடு இரும்பில் சிக்கி, மிஷின் ஒரு முக்கு முக்கி, டப் என்று நின்றது.

நின்றது கட்டர் மட்டும் இல்லை. அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தறி அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோனது.

ஆனால் எங்கள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பாட்டு ஒல்லியாக, அடித்தொண்டை இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கதவு திறந்தது. பஞ்சு ஒட்டிய தலையோடு ஜெயச்சந்திரன் மாமா நின்றார். பின்னால் அக்கா. மாமா செங்கல்லைப் பார்த்தார், கலவையைப் பார்த்தார், மூலையில் கட்டர் சொருகியிருந்த இடத்தைப் பார்த்தார்.

"டேய் முரளி. என் கரெண்ட்லயே என் கதவ அடைக்கிறியாடா?"

"உன் கரெண்ட்டா? என் ஊட்டு பிளக்குண்ணா அது. நீ என் லைன்ல கொக்கி போட்டது பத்தாதா?"

"கொக்கியா? நானா?" மாமாவுக்குக் கோபத்தில் குரல் கம்மியது. "பாகம் பிரிக்கறப்ப ஒயரிங் பண்ணவன் சொன்னான், ஒங்க ஹால்ல ஒரு பிளக்கு மட்டும் பழைய லைன்லயே நின்னுபோச்சி, எங்க மீட்டர்ல ஓடுதுன்னு. கொசு மருந்து சொருகறதுக்கு எதுக்கு செவுத்த ஒடைக்கறதுன்னு நான்தான் வுட்டுடச் சொன்னேன். நீ இன்னா பண்ணே? தேடிப்புடிச்சி அதுல கொண்டாந்து அண்டா சைசுக்குப் பெட்டிய மாட்டினே. தெனம் கதவாண்ட வந்து நின்னு பாக்கறேன், இன்னைக்காவது உனக்கு ஒறைக்குமான்னு. எனக்கே கேக்கறாப்ல சத்தமா வேற வச்சே."

என் வீட்டுக்காரர் மூலையையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "நாடகம்," என்றார். அந்த நிலைமையிலும் மனுஷர் நம்பவில்லை, பாருங்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "யாரும் பேசாதீங்க," என்றேன். "ரங்கண்ணா, அந்த மிஷின கழட்டு. அக்கா, நீ போய் உங்க மெயின போடு. நான் சொன்னதும் நிறுத்து."

அக்கா போனாள். மெயினைப் போட்டாள். மூலையில் புது ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது, இரைச்சலும் ம்ம்ம் என்று எழுந்தது. "நிறுத்துக்கா," என்றேன். விளக்கு அணைந்தது, இரைச்சல் அடங்கியது. டிவிக்குப் பக்கத்திலிருந்த பழைய ஆம்ப் மட்டும் பச்சை விளக்கோடு பாடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை போடச் சொல்லி, இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னேன். குவாலிட்டி செக்கிங் செய்கிறவர் முன்னால் ஒரு தடவை போதாது என்று எனக்குத் தெரியும்.

இவர் ஃபோனை எடுத்துத் திருப்பதிக்குப் போட்டார். ஸ்பீக்கரில் திருமலை கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஒரு ஹால்ல ரெண்டு மீட்டரா? ரெண்டு மீட்டர்னா ரெண்டு எர்த்துண்ணா. ஒரு ஆம்ப் அங்க, ஒரு ஆம்ப் இங்க, நடுவுல ஒயர கட்டிவச்சா ரெண்டு எர்த்தும் அந்த ஒயர்ல பூந்து மல்லுக்கட்டும். அத்தான் இரையுது. அந்தப் பக்கம் மோட்டார் ஓடினா இன்னும் இரையும். தனி பிளக்குன்னுதானே சொன்னேன். ஒரே மீட்டர்ல போடுங்கன்னு யாருகிட்டயாவது சொல்ல வேண்டி வருமா? உங்க ஊர்ல எல்லா ஊடும் இப்படித்தானா?"

இவர் ஃபோனை வைத்துவிட்டு பீரோ மேலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்சை எடுத்தார். மூலையிலிருந்து புது ஆம்பைப் பிடுங்கி, இரண்டையும் டிவி பக்கத்துப் பிளக்கிலேயே சொருகினார். அக்காவை மெயினைப் போடச் சொன்னோம், தறியும் ஓட ஆரம்பித்தது. பெட்டியில் துளி இரைச்சல் இல்லை. பாட்டு முழுசாக வந்தது, அடித்தொண்டையோடு. நான் அந்தப் பாட்டை அப்படிக் கேட்டதே இல்லை.

மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவர்கள் பரம்பரையிலேயே கிடையாது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணா, பேஸ் அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குதா?" என்றார்.

"கேக்குது," என்றார் மாமா. "கொஞ்சம் கொறச்சி வை. செவுத்துல நைனா படம் ஆடுது." நைனா என்றது என் மாமனாரை. பிறகு அவராகவே உள்ளே வந்து பேஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். ரங்கன், போட்ட கலவையை என்ன செய்வது என்று கேட்டார். தம்பியும் அண்ணனும் சேர்ந்து, பாத்ரூம் தரையைப் பூசச் சொன்னார்கள்.

அக்கா கதவிலேயே நின்றாள். நான் பக்கத்தில் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பொங்கலுக்கு அப்புறம் முதல் தடவையாக.

"தாட்சா, உனக்கு நெஜமாவே தெரியாதா?"

எனக்கு ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. உட்காராமல் போனது, மூலையைப் பார்த்தது, பெருசா கீதேன்னு சொன்னது, எல்லாமே. இத்தனை மாதமாக என் அக்கா என்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கட்டையால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

"திருடின்னு நெனைச்சிக்கினேதான் என் கையால தொக்கு வாங்கித் துன்னியா?" என்றேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? நான் உனக்காகத்தானே இந்த ஊட்டுக்கே வந்தேன்."

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது?" என்றாள் அக்கா. அவளும் அழுதாள். "உங்க மாமா தை மாசத்துலயே சொல்லிட்டாரு, அந்தக் கதவ தாப்பா போட்டுடுன்னு. தெனம் சொல்லுவாரு. தெனம் சரின்னுவேன்."

நான் அவளைத் தள்ளிவிட்டு அவர்கள் பக்கம் போய்க் கதவைப் பார்த்தேன். இத்தனை வருஷம் போய்வந்தும் அந்தத் தாழ்ப்பாளை நான் கவனித்துப் பார்த்ததில்லை. சுவர் எழுப்பிய வருஷம் கதவுக்கு அடித்த நீல பெயிண்ட் அதன்மேலும் வழிந்து, திறந்தபடியே கட்டையோடு சேர்ந்து காய்ந்துபோயிருந்தது. விரலால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பெயிண்டில் ஒரு கீறல்கூடக் கிடையாது.